கைம்மாறு கருதாப் பற்று: ஜான் பனியனின் சிறைவாழ்வும் ஆன்ம வளர்ச்சியும்

முன்னுரை

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் தேம்பாவணியோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது எச். ஏ. கிருட்டிண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம். 1894ஆம் ஆண்டில் நூலுருப் பெற்ற அக்காப்பியம், ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலொன்றைத் தழுவியது என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரால் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் பயின்றுவரும் நூல் அதுவே. அம்மூலநூல் எத்தகைய வாழ்விலிருந்து முளைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது உலகோர் பலரும் கூறும் உரை. சுடச்சுடப் பொன் ஒளிவிடும் என்னும் உவமை எல்லா நாட்டிலும் வழங்குவது. ஆயினும் நெருப்பிற்பட்ட பொருள் யாவும் பொன்னாய் ஒளிர்வதில்லை. அதே நெருப்பில் மண் இறுகுகின்றது, மெழுகு உருகுகின்றது, வைக்கோல் சாம்பலாகின்றது. துன்பம் ஒருவனைக் கசப்புடையவனாக்குவதும் உண்டு. மற்றொருவனைக் கனிவுடையவனாக்குவதும் உண்டு. ஆகவே, 'துன்பத்தால் வளர்ந்தார்' என்று ஒருவரைப் பற்றிக் கூறுங்கால், வளர்ந்தது யாது, எவ்விடத்தில் வளர்ந்தது, எதனால் வளர்ந்தது என்று வினாவுதல் ஆராய்ச்சியாளர் கடன். பனியனின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள் மூன்று. சிறையிலிருந்தபோது பனியன் தம் அகவாழ்வைத் தாமே எழுதி 1666இல் வெளியிட்ட, பாவிகளில் தலையானவனுக்குப் பெருகிய அருளைப் பற்றிய நூல் ஒன்று. தாம் சிறைப்பட்ட செய்தியை எழுதிவைத்து, அவர் மறைந்து பன்னெடுங்காலத்தின் பின் 1765இல் அச்சேறிய குறிப்பு மற்றொன்று. 1678, 1684 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த பயணக் கதை மூன்றாவது. முன்னிரண்டும் நிகழ்ந்தவை கூறுவன. மூன்றாவது அந்நிகழ்ச்சிகளின் சாரத்தைக் கதையாக்கிக் காட்டுவது.

இளமைத் துயரும் அதன் வறுமையும்

இங்கிலாந்து நாட்டின் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பனியனுக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. தந்தையார் உடைந்த பித்தளை, செம்புக் கலங்களைச் செப்பனிடும் கன்னார். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதவும் படிக்கவும் சிறிது பயின்றதன்றி உயர்கல்வி பெற்றாரல்லர்.

1644ஆம் ஆண்டு அவர்க்குப் பேரிழப்பு நேர்ந்த ஆண்டு. சூன் திங்களில் தாய் இறந்தார். அடுத்த திங்களில் தங்கை இறந்தாள். அதற்கடுத்த திங்களிலேயே தந்தை மறுமணம் செய்துகொண்டார். அப்போது பனியனுக்கு அகவை பதினைந்து. அவ்வாண்டின் இறுதியிலேயே பாராளுமன்றத்தார் படையில் அவர் சேர்க்கப்பட்டு நியூபோர்ட் பேக்னல் என்னும் ஊரில் இருந்தார். ஒரு முற்றுகைக்குச் செல்ல அவர் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தபோது, அவருக்கு மாறாகச் செல்ல மற்றொரு வீரன் விரும்பினான். சென்றவன் காவல் நின்ற இடத்தில் தலையிற் குண்டு பாய்ந்து இறந்தான்.

இவற்றைப் பனியன் எவ்வாறு குறிக்கின்றார் என்பது நோக்கத்தக்கது. தாயின் இறப்பையும் தங்கையின் இறப்பையும் பற்றித் தம் வரலாற்றில் அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. வீரன் இறந்ததைக் கூறுகின்றார். ஆனால் அத்தகைய ஒறுப்புகளும் இரக்கங்களும் தம் உள்ளத்தை எழுப்பவில்லையென்றும், தாம் மேலும் முரண்பட்டவராகவே ஆனாரென்றும் உடனே சேர்த்துக் கூறுகின்றார். இவ்வாக்குமூலம் நமக்கு மிகவும் பயன்படுவது. இழப்பு நேர்ந்தது, சாவு அருகில் வந்து சென்றது, எனினும் வளர்ச்சி நிகழ்ந்திலது. துயரம் தானே ஆசிரியனாகாது என்பதற்கு அவரே சான்று.

அகப்போர்

ஏறத்தாழ 1649இல் பனியன் முதல் மணம் புரிந்தார். அம்மனைவியின் பெயரை வரலாறு நமக்கு விட்டுவைக்கவில்லை. இருவரும் வறியோர், ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாமல் இல்லறம் தொடங்கியதாகப் பனியன் எழுதுகின்றார். அவ்வம்மையார் கொணர்ந்த சீர் அவர்தம் தந்தை விட்டுச்சென்ற இரண்டு பத்தி நூல்களே. 1650இல் பிறந்த மூத்த மகள் மேரி கண்பார்வையற்றவள். பின்னும் மூன்று மக்கள் பிறந்தனர்.

அந்நூல்களைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தனர். பனியன் கோயிலுக்குச் செல்லலானார்; ஒழுக்கத்தைத் திருத்திக்கொண்டார்; தமக்கு விருப்பமான கோயில் மணி அடித்தலையும் ஆடலையும் கைவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுவிடத்தில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தபோது, பாவத்தைவிட்டு வீடுபேறு அடைவாயா, பாவத்தோடு நரகம் செல்வாயா என்று ஒரு குரல் உள்ளத்திற் பாய்ந்ததாகக் கூறுகின்றார். ஊரார் அவரைப் புகழ்ந்தனர். ஆனால் பெட்போர்டில் தொழிலின் பொருட்டுச் சென்ற ஒரு நாள், ஒரு வாயிலில் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடிக் கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்டிரைக் கண்டார். அவர்கள் பேச்சில் இருந்த மகிழ்ச்சி தம்மிடம் இல்லை என்பது அவர்க்குப் புலனாயிற்று. அப்பெண்டிர் வழியே ஜான் கிபர்டு என்பவர் நடத்திய சிறு சபையோடு அவர்க்குத் தொடர்பு ஏற்பட்டது.

அதன் பின் ஆண்டுக்கணக்கில் நீண்ட அகப்போர் தொடங்கிற்று. 'கிறித்துவை விற்றுவிடு' என்னும் எண்ணம் உண்ணும்போதும் குனிந்து ஊசி எடுக்கும்போதும் விறகு வெட்டும்போதும் அவரை நச்சரித்தது. ஒருநாள் களைத்து இசைந்துவிட்டதாக அவர் கருதினார். ஒரு வேளை உணவிற்குத் தலைமகன் உரிமையை விற்ற ஏசாவோடு தம்மை ஒப்பிட்டுக் கலங்கினார். விவிலியத்தின் ஒரு வாசகம் தேற்றும். மற்றொரு வாசகம் வீழ்த்தும். கலாத்தியர் திருமுகத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கம் கைக்கெட்டியபோது, தம் உள்ளத்திலிருந்தே எழுதப்பட்டது போன்ற நூல் அது எனக் கண்டு ஆறுதலுற்றார். இறுதியாக, வயல்வழியே நடந்துசென்ற ஒரு நாள், தமது நேர்மை தம்முள் இல்லை, விண்ணிலிருக்கும் கிறித்துவிடமே உள்ளது என்னும் தெளிவு பிறந்தது. தம் மனநிலை உயரினும் தாழினும் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று உணர்ந்தார்.

இத்தெளிவு பெரியது. எனினும் இக்காலப் பகுதியில் பனியன் இடைவிடாது வினாவியது, 'நான் மீட்புப் பெறுவேனா?' என்னும் ஒன்றே. அவர் தேடியது உறுதி, கேட்டது ஆறுதல். இறைவனை அவர் நாடினார் எனினும், அந்நாட்டத்தில் தன்னலத்தின் அச்சமும் கலந்திருந்தது. அக்கலப்பு நீங்கிய இடம் சிறை.

சிறைவாயில்

1658இல் முதல் மனைவி இறந்தார். நான்கு சிறு மக்களோடு தனித்து நின்ற பனியன் அடுத்த ஆண்டு எலிசபெத்து என்னும் இளம்பெண்ணை மணந்தார். அவ்வளவில் அவர் பெட்போர்டுப் பகுதியில் பெயர்பெற்ற போதகராகிவிட்டார். 1660இல் இரண்டாம் சார்லசு அரசுரிமை எய்தினான். அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்களை ஒடுக்க, எலிசபெத்து அரசியார் காலத்து 1593ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் கையாளப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் லோயர் சாம்செல் என்னும் இடத்தில் பனியன் போதிக்கவிருந்தார். அவரைப் பிடிக்க ஆணை பிறந்துள்ளது என்று நண்பர் முன்னரே அறிவித்தனர். தப்புதற்குக் காலம் இருந்தது. தாம் ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்டோர் தளர்வர் என எண்ணி அவர் நின்றார், பிடிபட்டார். 1661 சனவரியில் நடுவர்மன்றம் அவர்க்கு மூன்று திங்கள் சிறை விதித்தது. அதன் பின்னும் போதித்தலைக் கைவிட்டு அரசுத் திருச்சபை வழிபாட்டிற்கு வாராவிடின் நாடு கடத்தப்படுவார் என்றும், ஆணையின்றித் திரும்பினால் தூக்கிலிடப்படுவார் என்றும் அறிவித்தது. இன்று விடுதலை செய்தால் நாளையே மீண்டும் போதிப்பேன் என்பதே அவர் விடை. மூன்று திங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டன.

அச்சிறை என்றும் ஒரே தன்மையதாய் இருந்ததன்று. தொடக்கத்தில் காவலர் இரக்கத்தால் அவர் வெளியே சென்று போதித்துவர முடிந்தது. இலண்டன் வரையும் சென்றார். செய்தி வெளிப்பட்டபின், கதவருகே நின்று வெளியே நோக்குதலும் தடுக்கப்பட்டது. ஒரு சொல் இசைந்தால் கதவு திறக்கும் என்பதை அவர் நாள்தோறும் அறிந்திருந்தார். பிறர் பூட்டிய சிறை அது. எனினும் திறவுகோல் அவர் நாவில் இருந்தது. இதுவே அவர் துன்பத்தின் கூர்மை.

எலிசபெத்து அம்மையார்

பனியன் வரலாற்றைக் கூறுவோர் பலர் சிறையின் உள்ளே நோக்குவர். வெளியே நின்றவரை விரைந்து கடந்துவிடுவர். அது முறையன்று. கணவர் சிறைப்பட்ட செய்தி கேட்டபோது எலிசபெத்து கருவுற்றிருந்தார். அதிர்ச்சியால் காலத்திற்கு முன்னரே நோவு கண்டு, எட்டு நாள் வருந்தி, பெற்ற குழந்தையை இழந்தார். அந்நிலையிலும் கணவரின் விடுதலை வேண்டி இலண்டன் சென்று ஒரு பிரபுவிடம் முறையிட்டார். 1661 ஆகத்துத் திங்களில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளிடம் மும்முறை விண்ணப்பித்தார்.

அதன் பின்னரும், 'அன்னம்' என்னும் பெயருடைய விடுதியின் அறையில், நீதிபதிகளும் அவ்வட்டாரப் பெருமக்களும் குழுமியிருந்த அவைமுன் அவர் தனித்து நின்றார். தம் கணவர் முறையாகக் குற்றம் ஏற்கச் செய்யப்படவில்லை என்று வழக்காடினார். போதிப்பதை விடுவாரா என்று வினவப்பட்டபோது, பேசும் ஆற்றல் உள்ளவரை அவர் விடத் துணியார் என்றார். தம்மைச் சார்ந்து நான்கு சிறு குழந்தைகள் உள்ளனர், அவருள் ஒருத்தி பார்வையற்றவள், நல்லோர் ஈகையன்றி வாழ வழியில்லை என்றார். தாம் அம்மக்களுக்கு மாற்றாந்தாய் என்பதையும், மணந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை என்பதையும், குழந்தையை இழந்ததையும் கூறினார். டுவிசுடன் என்னும் நீதிபதி கடிந்தார். மேத்யூ ஹேல் என்பவர் இரங்கினார். அரசரை அணுகலாம், மன்னிப்புப் பெறலாம், தீர்ப்பில் பிழையெனக் காட்டி மேல்முறையிடலாம் என வழிகள் கூறினார். ஆனால் தாமாக எதுவும் செய்திலர்.

அம்மையார் கண்ணீரோடு வெளியேறினார். தம்மிடம் அவர்கள் கல்நெஞ்சராய் இருந்தமைக்காக மட்டும் அழவில்லை, இறைவன் வரும் நாளில் அவர்கள் என்ன கணக்குக் கொடுப்பரோ என்று எண்ணியே அழுததாக அவர் கூறியதைப் பனியன் குறித்துவைத்துள்ளார். குழந்தையையும் வழக்கையும் ஒருங்கே இழந்த ஒரு பெண் தம்மை வருத்தினோருக்காக அழுகின்றாள். பனியன் சிறைக்குள் ஆண்டுகள் பல சென்று எய்திய நிலையை எலிசபெத்து அந்த அறையின் வாயிலிலேயே எய்தினார் எனல் மிகையாகாது. கற்றோர் எழுதிய மெய்ஞ்ஞான நூல் எதனையும்விட அவ்வழுகை நமக்கு மிகுதியும் கற்பிக்கின்றது.

இரு கறவைப் பசுக்கள்

சிறையில் பனியன் நீண்ட நாடாக்களின் நுனியில் உலோக முனை பூட்டி விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். விவிலியமும் ஜான் பாக்சு எழுதிய இரத்தசாட்சிகள் வரலாறும் அவர்தம் நூலகம். உடன் சிறைப்பட்டோர்க்குப் போதித்தார்; நூல்கள் எழுதினார். இவையெல்லாம் அமைதியின் அடையாளம் என்று நாம் கொள்ளுதல் கூடும். அவர் எழுத்து அவ்வாறு கொள்ள விடுவதில்லை.

மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் எலும்பினின்று தசையைப் பிரித்தெடுப்பது போன்றது என்று அவர் கூறுகின்றார். எல்லாரினும் பார்வையற்ற மகளே அவர் நெஞ்சை அறுத்தாள். அவள்மேல் காற்று வீசுதலையும் பொறாதவர், அவள் இரந்து திரிவதையும் அடிபடுவதையும் பசியாலும் குளிராலும் வாடுவதையும் நினைந்து நினைந்து உருகினார். தம் வீட்டைத் தம் மனைவி மக்கள் தலைமேலேயே இடித்துத் தள்ளுபவனைப் போலத் தாம் ஆனதாக எழுதுகின்றார்.

அவ்வேளையில் அவர் நினைவிற்கு வந்தது பழைய ஏற்பாட்டுச் செய்தியொன்று. இறைவனின் பேழையை ஏற்றிய வண்டியில் கன்று ஈன்ற இரு பசுக்களைப் பூட்டினர். கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டனர். அப்பசுக்கள் வழிமாறாது சென்றன. ஆனால் கதறிக்கொண்டே சென்றன. பனியன் தம்மை அப்பசுக்களோடு ஒப்பிட்டார். இவ்வொப்புமை ஆழ்ந்து நோக்குதற்குரியது. வீரரோடும் முனிவரோடும் அவர் தம்மை ஒப்பிடவில்லை. கன்றை மறந்த பசுவாகவும் தம்மைக் காட்டவில்லை. வழியும் விலகவில்லை, கதறலும் நிற்கவில்லை. ஆன்ம வளர்ச்சி என்பது துயரை உணராமை என்று கருதுவார்க்கு இது மறுப்பாகும். கிறித்தவ மரபில் துயரடக்கம் என்பது உள்ளம் மரத்துப்போதலன்று.

ஏணியின் உச்சியில்

இனி, நம் ஆராய்ச்சியின் மையத்தை அடைகின்றோம். சிறைவாழ்வின் தொடக்கத்தில், சட்டத்தை அறியாத பனியன், தம் சிறை தூக்குமரத்தில் முடியும் என அஞ்சினார். சாவைக் காட்டிலும் அவரை வாட்டிய அச்சம் வேறொன்று. தூக்கேணியில் ஏறும்போது முழங்கால் நடுங்கி முகம் வெளுத்து நின்றால், இறைவன் அடியாரைப் பகைவர் எள்ளுவர் என்பது அது. அதனினும் பெரிது மற்றொன்று: அவ்வேளையில் இறைவனின் ஆறுதல் அவரிடம் இல்லை. வேண்டினார், விடை வரவில்லை. தேடினார், தேறுதல் கிட்டவில்லை. இறந்தபின் தம் ஆன்மா எங்குச் செல்லும் என்பதற்கும் உறுதி இல்லை.

பல நாள் இவ்வாறு உழன்றபின் ஓர் எண்ணம் அவர்க்குப் பிறந்தது. தாம் இந்நிலையில் இருப்பது இறைவனின் வாக்கிற்காக. ஆகவே அதினின்று ஒரு மயிரிழையும் விலகாதிருத்தல் தம் கடமை. ஆறுதலை இப்போது தருவதோ, சாகும் வேளையில் தருவதோ, தாராதிருப்பதோ இறைவனின் விருப்பம். தாம் கட்டுண்டவர், இறைவன் கட்டற்றவர். இறைவன் வந்து தாங்காவிடினும், கண்கட்டப்பட்டவன்போல ஏணியினின்று அழிவின்மைக்குள் தாவுவது. மூழ்கினும் மிதப்பினும், விண்ணுலகோ நரகோ எதுவரினும், ஆண்டவரே, நீர் ஏந்தினால் ஏந்தும், ஏந்தாவிடின் உம் பெயரால் துணிவேன் என்பது அவர் முடிவு.

இம்முடிவு எய்தியவுடன் யோபுவின் கதை அவர் நெஞ்சில் எழுந்தது. யோபு பயனின்றியா இறைவனுக்கு அஞ்சுகின்றான் என்று சாத்தான் அக்கதையில் வினவுகின்றான். நம் பற்று முழுவதையும் ஐயுறும் வினா அது. கூலி கிடைப்பதனால் உழைப்பவன் அடியவனா, கூலியாளா என்பதே அதன் பொருள். பனியன் தம் முடிவில் அவ்வினாவிற்கு விடை கண்டார். பயன் எதுவும் கையில் இல்லாதபோதும் தாம் இறைவனைப் பற்றி நிற்க விரும்புவதை அவர் கண்டுகொண்டார். அதனால் தம் நெஞ்சம் நேர்மையானது என்று தெளிந்தார். அதன் பின்னரே ஆறுதல் வந்தது. அச்சோதனை இல்லாதிருப்பதை இனித் தாம் விரும்பமாட்டார் என்றும் எழுதினார்.

இந்நிகழ்ச்சியின் வரிசை முறை கருதற்பாலது. ஆறுதல் வந்தது, அதனால் உறுதி பிறந்தது என்று அவர் கூறவில்லை. உறுதி முன்னர்; ஆறுதல் பின்னர். இளமையில் 'நான் மீட்புப் பெறுவேனா?' என்று அஞ்சி வினவியவர், இப்போது அவ்வினாவையே இறைவன் கையில் விட்டுவிட்டார். வளர்ந்தது யாது என்னும் நம் வினாவிற்கு இதுவே விடை: அவரிடம் வளர்ந்தது கைம்மாறு கருதாப் பற்று. எதனால் வளர்ந்தது? துன்பத்தால் என்பது பாதி விடையே. துன்பம் அவர் பற்றிலிருந்த பயன்நாட்டத்தைக் களைந்தது. களைந்த இடத்தில் எஞ்சி நின்றது அன்பாக இருந்தமையால் அவர் வளர்ந்தார். 1644இல் அத்தகைய பற்று எதுவும் அவர் உள்ளத்தில் வேரூன்றவில்லை. ஆதலின் அன்று நேர்ந்த துயரம் வறிதே கழிந்தது.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. ஒருவர் தம் மனச்சான்றிற்காகத் தாம் துன்புறலாம். அதன் விலையை மனைவியும் பார்வையற்ற சிறுமியும் கொடுப்பது அறமாமோ? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. பனியனும் தள்ளிவிடவில்லை. தம் அகவளர்ச்சியை அவ்விழப்பிற்கு ஈடாக அவர் காட்டவில்லை. மக்கள் பசித்தது நன்று என்று ஒரிடத்தும் கூறவில்லை. திக்கற்ற பிள்ளைகளை இறைவனிடம் விட்டுவிடுமாறு கூறும் எரேமியாவின் வாசகத்தைப் பற்றிக்கொண்டார், அவ்வளவே. துன்பம் நன்மை என்பது ஒன்று. துன்பத்திலும் நன்மை விளையக்கூடும் என்பது வேறு. முன்னதைக் கூறுவோர் துன்புறுத்துவோர்க்குத் துணையாவர். பனியனின் எழுத்து பின்னதை மட்டுமே கூறுகின்றது.

பயணக் கதையில் சிறையின் சுவடு

1672இல் அரசன் அளித்த சமயச் சலுகை அறிக்கையால் பனியன் விடுதலை பெற்றார். அவ்வாண்டே பெட்போர்டுச் சபை அவரைத் தலைவராகத் தேர்ந்திருந்தது. பின்னர் 1676, 1677 ஆண்டுகளில் மீண்டும் ஏறத்தாழ ஆறு திங்கள் சிறைப்பட்டார். 1678இல் பயணக் கதையின் முதற்பகுதி வெளிவந்தது. அவர் வாழ்நாளிலேயே அது பதினொரு பதிப்புகள் கண்டது. ஒரு குகையில் படுத்துறங்கிக் கண்ட கனவாகக் கதை தொடங்குகின்றது. அக்குகை சிறையே எனப் பனியன் ஓரக்குறிப்பால் உணர்த்துகின்றார்.

முதுகில் சுமையேந்திய கிறித்தியான் என்பவன் அழிவின் நகரினின்று வானகர் நோக்கிச் செல்வதே கதை. சிலுவையைக் கண்ட இடத்தில் சுமை தானே அவிழ்ந்து விழுகின்றது. கதை அங்கு முடிந்திருக்கலாம். ஆனால் பெருந்துன்பங்கள் யாவும் சுமை விழுந்த பின்னரே வருகின்றன. சாவுநிழற் பள்ளத்தாக்கில் பகைவன் காதருகே ஓதும் பழிச்சொற்களைத் தன் உள்ளத்தின் சொற்களே என்று கிறித்தியான் மயங்குகின்றான். 'கிறித்துவை விற்றுவிடு' என்னும் குரலால் வருந்திய இளம் பனியனின் மயக்கம் அதுவே. அவ்விருளில் அவனைத் தேற்றுவது ஒளியன்று. தனக்கு முன்னே அதே இருளில் மற்றொருவன் நடந்துசெல்லும் குரல்.

கரடுமுரடான வழியை விட்டு எளிய புல்வெளியில் நடக்க விழைந்தமையால் கிறித்தியானும் அவன் தோழனும் நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் அகப்படுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவின்றி, நீரின்றி, ஒளியின்றிக் கிடக்கின்றனர். தற்கொலை செய்துகொள்ளுமாறு அரக்கன் தூண்டுகின்றான். விடியுமுன் கிறித்தியான் தன் மார்பிலேயே இருந்த ஒரு திறவுகோலை நினைவுகூர்கின்றான். 'வாக்குறுதி' என்பது அதன் பெயர். பன்னிரண்டு ஆண்டு பூட்டிய கதவின் உள்ளே இருந்தவர் எழுதிய கதை இது என்பதை மறவாது படிப்பின், அத்திறவுகோலின் பொருள் தெளிவாகும். பனியனின் சிறைக்கதவை அத்திறவுகோல் திறந்ததில்லை. அவர் உள்ளத்தின் கதவையே திறந்தது.

இறுதியில் வருவது பாலமற்ற ஆறு. அதில் இறங்கிய கிறித்தியான் மூழ்குகின்றான். இதுவரை பெற்ற அனுபவம் எதுவும் நினைவிற்கு வரவில்லை. தோழனே அவன் தலையை நீருக்கு மேல் தாங்குகின்றான். அவனையடுத்து வரும் அறியாமை என்பவனோ, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் ஓடத்தில் எளிதாக ஆற்றைக் கடக்கின்றான். ஆனால் நகர்வாயிலில் தள்ளப்படுகின்றான். எளிதாகக் கடத்தல் அருளின் அடையாளமன்று. அஞ்சி மூழ்குதல் அருளின்மையின் அடையாளமுமன்று. ஏணியின் உச்சியில் கற்ற பாடம் ஈண்டுக் கதையாயிற்று.

நொந்த நெஞ்சினரின் பயணம்

1684இல் வந்த இரண்டாம் பகுதி இளைப்பாறும் நடையுடையது. இதில் கிறித்தியானின் மனைவி தன் நான்கு மக்களோடு புறப்படுகின்றாள். அவளை எழுப்பியது போதனையன்று. கணவன் ஆற்றைக் கடந்து மறைந்தபின், அவன் கண்ணீருக்கும் மன்றாட்டிற்கும் தான் நெஞ்சை இறுக்கிக்கொண்டதை நினைந்து அவள் நெஞ்சு உடைகின்றது. உடைந்த இடத்திலிருந்தே பயணம் தொடங்குகின்றது. கணவனோடு உறுதியாய் நின்ற எலிசபெத்து அம்மையாரின் உருவம் இவளென்று கூற இயலாது. ஆயினும், ஒருவனின் தனிப்பயணத்தை முன்னர் எழுதியவர், வீட்டில் விடப்பட்ட பெண்ணையும் பிள்ளைகளையும் மறவாது பின்னர் ஒரு முழு நூலை அவர்க்கென எழுதினார் என்பதில் அவர்தம் நெடுநாளைய நோவு தொனிக்கின்றது என நாம் கருதுகின்றோம்.

இப்பகுதியில் வலியோரினும் மெலியோரே மிகுதி. அஞ்சுவோன் என்னும் பெயருடைய ஒருவர் உளையருகே ஒரு திங்கள் அழுது கிடந்தவர், எங்கும் நடுங்குபவர். அவர் தாழ்மைப் பள்ளத்தாக்கில் மட்டும் மகிழ்ந்து, நிலத்தைத் தழுவி மலர்களை முத்தமிடுகின்றார். அவர் கடந்த நாளில் ஆற்றின் நீர் என்றுமில்லாதபடி தாழ்ந்திருந்தது. கால் நனையுமளவில் கடந்து சென்றார். பேரச்சம் என்னும் பெயருடைய பெண்ணொருத்தி பாடிக்கொண்டே ஆற்றைக் கடந்தாள். அவள் பாடியது என்னவென்று கரையிலிருந்தோர் எவர்க்கும் விளங்கவில்லை. அறுபதை நெருங்கிய பனியனின் கனிவு முழுவதும் இச்சிறு காட்சிகளில் உள்ளது. தாம் கடுந்துன்பத்தை வென்றமையால் பிறரும் அவ்வாறே வெல்லவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பிறர் அச்சத்தைப் பொறுத்தலே அவர் அடைந்த வளர்ச்சியின் முதிர்ந்த கனி எனலாம்.

தமிழ்க் காப்பியத்தில் ஒரு மாற்றம்

பனியன் மறைந்து இருநூறு ஆண்டுகளின் பின் இக்கதை தமிழ்க் காப்பியமாயிற்று. அதனை ஆக்கிய கிருட்டிண பிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பர் கவியில் தோய்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். பிறந்த சமயத்தை விட்டு மற்றொரு சமயம் தழுவுதல் அந்நாளில் சுற்றத்தாரிடமிருந்து அகன்று நிற்றலாகவும் முடிந்தது. வீட்டாரை விட்டுப் புறப்படும் பயணியின் கதை அவர் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை.

அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. பனியன் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. கிருட்டிண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து, கிறித்துவின் பாடுகளை விரிவாகப் பாடினார். அடியவன் படும் துன்பத்தினும் ஆண்டவன் பட்ட துன்பமே காப்பியத்தின் நெஞ்சிடமாயிற்று. இம்மாற்றம் மூலத்திற்கு முரணன்று. மூலத்தில் அடங்கியிருந்ததை வெளிப்படுத்துவது. தூக்கேணியில் நின்று தாவத் துணிந்த பனியன், தமக்கு முன்னரே தாவிய ஒருவரை நம்பியே துணிந்தார். ஆகவே, கிறித்தவ மரபில் மனிதன் துன்பத்தால் வீடுபேற்றை விலைக்கு வாங்குவதில்லை; துன்பத்தில் தான் தனித்தில்லை என்பதைக் கண்டுகொள்கின்றான்.

முடிவுரை

1688இல், பகைத்திருந்த தந்தையையும் மகனையும் ஒன்றுபடுத்தும் பொருட்டு ரெடிங் நகர் சென்ற பனியன், மழையில் நனைந்து இலண்டன் வந்து காய்ச்சலுற்று, ஆகத்து 31ஆம் நாள் மறைந்தார். பன்கில் பீல்ட்சு இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஒரு குடும்பத்தின் பிளவை நீக்கச் சென்ற வழியில் நேர்ந்த இறப்பு அது. தம் குடும்பத்தினின்று பிரிந்திருந்து நொந்தவர் பிறர் பிரிவைப் பொறாராயினார்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். துயரம் தன்னளவில் எவரையும் வளர்ப்பதில்லை. பனியனின் இளமை அதற்குச் சான்று. பயன் அனைத்தும் அகன்றபோதும் பற்றி நிற்கும் அன்பு உளதாயின், துயரம் அதனைத் தூயதாக்கிக் காட்டும். ஏணி பற்றிய அவர் நினைவு அதற்குச் சான்று. அவ்வாறு தூயதான நெஞ்சு, கதறுவோரையும் அஞ்சுவோரையும் இகழாது தாங்கும். பேரச்சத்தின் விளங்காத பாடலும், விடுதி அறையின் வாயிலில் எலிசபெத்து அம்மையார் சிந்திய கண்ணீரும் அதற்குச் சான்று. இரட்சணிய யாத்திரிகத்தைப் பயில்வோர் அதன் சொல்நயத்தோடு, அதன் அடியில் ஓடும் இக்கண்ணீரையும் உடன் உணர்வாராயின் அக்காப்பியத்தின் பயன் முழுமையுறும்.